வேலியிலிருந்து ஒரு மிஸ்டு கால்

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தேன். முதல் பாதி கம்பத்தில் ஏறினேன், மறுபாதி கீழே நின்றுகொண்டு ஏறுகிறவர்களை விரட்டினேன். ஃபோர்மேனாக ஓய்வு பெற்று வந்த பிறகு ஒரு கம்பத்தைக்கூட நான் அண்ணாந்து பார்ப்பதில்லை என்று என் மனைவி கேலி செய்வாள். கேலி இல்லை, உண்மைதான். தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் தரையைப் பார்த்தபடியே நடந்து வந்துவிடுவேன்.

போன மாதம் முத்துலட்சுமி வீட்டுக்கு வந்திருந்தாள். என்னோடு வேலை பார்த்த லைன்மேன் இசக்கியின் மகள். இசக்கி வேலையில் இருக்கும்போதே கரண்ட் அடித்து இறந்துபோனான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்போது அவள் ஆறாம் வகுப்பு. இப்போது அப்பாவின் வாரிசு வேலையில் ஆபீஸில் இருக்கிறாள். பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு மலர் போடுகிறார்களாம், ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்கும் பொறுப்பு இவளுக்கு.

"பெரியப்பா, புதுசா வந்திருக்கவங்களுக்கு ஒங்களத் தெரியாது. ஒங்க சர்வீஸ்ல பாத்ததை எல்லாம் நாலு பக்கம் எழுதித் தாங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம். வேற ஆள் பாரேன்."

"நீங்கதான் எழுதணும். அப்பாவப் பத்தியும் ஒரு பாரா போடுங்க. அப்பா மாதிரி கவனக்குறைவா இனிமே ஒருத்தரும் இருந்துறக் கூடாதுல்லா."

ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். அழுது தீர்ந்துபோன விஷயத்தைச் சொல்கிற மாதிரி. நான் காபியைக் குடிக்கச் சொன்னேன். எழுதித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அவள் போனபிறகு ஒன்பது நாள் பேனாவைத் தொடவில்லை.

அவள் கேட்டபடியே தொடங்குகிறேன். சர்வீஸில் நான் பார்த்தது என்றால் முக்கால்வாசி ஒடிந்த கம்பமும் எரிந்த ஃபியூஸும்தான். மிச்சம் கால்வாசி, மனுஷன் கரண்டை வைத்துச் செய்த விசித்திரங்கள். படித்தவன், படிக்காதவன் என்றில்லை, இந்த ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் அதிகம். கருணையைத்தான் சில நேரம் காணோம். ஆற்றில் இரண்டு வயரைப் போட்டு மீனை மிதக்க வைத்தவனைப் பிடித்திருக்கிறோம். தென்காசியில் ஒருத்தர் மகளைப் பார்க்க வருகிறவனுக்காக இரும்பு கேட்டில் கரண்டைக் கொடுத்து வைத்திருந்தார். மாட்டியது பால்காரர். நல்லவேளை, ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் பிழைத்தார். அந்த அப்பா எங்களிடம் கோபப்பட்டார், "எங்க வீட்டு கேட், எங்க வீட்டு கரண்ட்" என்று.

இந்த மாதிரி சாமான்களை எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் ஜெயராணி மேடம். எங்கள் செக்‌ஷனுக்கு உதவிப் பொறியாளராக வந்தவர், திருச்சிக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். எதைச் செய்தாலும் முதலில் கையைத் திருப்பி மணி பார்ப்பார், சின்ன நோட்டில் மணியை எழுதுவார், பிறகுதான் பேச்சு. ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்பார். முதல் பதிலை எழுதி, நோட்டை மூடிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்பார். புதிதாக வந்தவர்கள் மேடத்துக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"முதல் பதில் வாயிலேருந்து வரும் மாரியப்பன். ரெண்டாவது பதில்தான் யோசிச்சு வரும்" என்றார்.

ஒரு குற்றால சீசனில் ஐந்தருவி ரோட்டில் ஒரு பழக்கடை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருந்தார் கடைக்காரர். குரங்குத் தொல்லை தாங்காமல் ஒரு தட்டு செய்திருந்தார். மரப்பலகையில் தகரக் கீற்றுகளை நெருக்கமாக அடித்து, ஒன்று விட்டு ஒன்று வயர் கொடுத்து, தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டிருந்தார். பழத்தை எடுக்கக் கை வைத்தால் தூக்கி எறியும். நாங்கள் போவதற்கு முன்னால் ஒரு மந்தி மாட்டியிருக்கிறது. வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டு வந்த மந்தி. குட்டி மட்டும் எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. குளிக்க வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள்.

மேடம் மணி பார்த்து எழுதினார். பிறகு கடைக்காரரிடம், "இதுல நீங்க முதல்ல கை வைங்க" என்றார்.

"நான் எதுக்கு மேடம் வைக்கணும்? அது குரங்குக்குல்லா வச்சிருக்கேன்."

"சரி" என்று நோட்டை மூடினார். "நீங்க முதல்ல கை வைங்க."

கடைக்காரர் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேடம் கொக்கியை எடுக்கச் சொன்னார், தட்டை ஜீப்பில் ஏற்றச் சொன்னார், வழக்குக்கு எழுதினார். செய்தவன் தன் கையை வைக்க மாட்டான் என்றால் அந்தச் சாமான் இந்த உலகத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் சட்டம். எங்கே போனாலும் அதே கேள்விதான் கேட்பார். கேட் வைத்த அப்பாவிடமும் அதையேதான் கேட்டார்.

லைனில் வேலை செய்வதிலும் அதே கண்டிப்பு. லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி, வாங்குவது என்பது ஏதோ லீவு லெட்டர் வாங்குகிற மாதிரி சிலர் நினைப்பார்கள். மேடத்திடம் அது நடக்காது. டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி, பூட்டுப் போட்டு, சாவி வேலைக்குப் பொறுப்பானவன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பிறகு கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதிக்க வேண்டும். பிறகு எர்த் ராடு. கம்பியையும் மண்ணையும் சேர்த்துக் கட்டுகிற அந்த ராடு, தப்பித் தவறி கரண்ட் வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்கு இறக்கிவிடும். அதை வேலை நடக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் போட வேண்டும்.

"கரண்ட் வர்ற பக்கம் சரி மேடம். லைன் முடியுற பக்கம் எதுக்கு? அங்கன ஒண்ணுமே இல்லையே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியும் என்பதுதான் எப்போதும் என் வியாதி.

இனி பரமசிவம். வடகரைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவருக்கு மூன்று ஏக்கர், நெல்லும் தென்னையும். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து வந்தவர். ரேடியோவைக் குடைந்து குடைந்து விரல் நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு. நடந்தால் இன்னும் பரேட் நடக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் பன்றித் தொல்லையைச் சொல்லி முடியாது. விளைந்த வயலில் ஒரு கூட்டம் இறங்கினால் மறுநாள் பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். யானை வந்தால் தென்னையைத் தள்ளிவிட்டுக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகும்.

நான் அவர் கிணற்று மோட்டாரின் சர்வீஸ் இணைப்பைப் பார்க்கப் போனவன், மோட்டார் ரூமுக்குள் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பழைய டிரங்குப் பெட்டி. அதற்குள் வரிசையாக ரிலே, டிரான்ஸ்பார்மர், அதோடு ஒரு பட்டன் போன் வயர்களால் கட்டப்பட்டுக் கிடந்தது. பெட்டியிலிருந்து வயல் வேலிக்குக் கம்பி போனது.

"இது என்ன பரமசிவம்?"

"நம்ம கண்டுபிடிப்பு அண்ணாச்சி. ராத்திரி பூரா காவலுக்கு முழிச்சுக் கெடக்க முடியுதா? வேலியில எதாவது பட்டா, கரண்ட் இழுக்கும்லா, அந்த இழுப்பு ரிலேயைத் தட்டும், ரிலே போனுல பட்டனை அமுக்கும். எனக்கு ஒரு மிஸ்டு கால் வந்துரும். வீட்ல படுத்துக்கிட்டே தெரிஞ்சுக்கிடலாம்."

நான் செய்திருக்க வேண்டியது என்னவென்று முந்தைய பக்கத்திலேயே எழுதிவிட்டேன். பெட்டியைத் தூக்கி ஜீப்பில் ஏற்றியிருக்க வேண்டும். குறைந்தபட்சம், நீங்க முதல்ல கை வைங்க என்று வேலியைக் காட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? முட்டிபோட்டு உட்கார்ந்து, "இந்த ரிலே எங்கன வாங்குன?" என்று கேட்டேன். அழகாகச் செய்திருந்தார். ஈயத்தில் பற்றவைத்த ஒவ்வொரு இடமும் முத்துப் போல உட்கார்ந்திருந்தது. வேலை தெரிந்தவனுக்கு வேலை தெரிந்தவனைக் கண்டால் வருகிற மயக்கம் அது. இது பன்றியைக் கொல்லும் சாமான் என்பது அந்த மயக்கத்தில் பின்னால் போய்விட்டது. மனுஷனைக் கொல்லும் என்பது நினைப்பிலேயே வரவில்லை.

"கொன்னுறாதுல்லா?" என்று மட்டும் கேட்டேன்.

"தட்டி வெரட்டும் அண்ணாச்சி. அவ்வளவுதான்."

ஒரு தடவைதான் கேட்டேன். பரமசிவத்தின் குறை வேறு. கரண்ட் போய்விட்டால் வேலியும் செத்துவிடுகிறது, பன்றி அந்த நேரம் பார்த்து வருகிறது என்றார். நான் யோசனை சொன்னேன். "நம்ம லைன்ல இருந்து நேரா வேலிக்கு எடுக்கது தப்பு. மாட்டுனா நானே காப்பாத்த முடியாது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் வச்சுக்கோ. கரண்ட் போனா அது தானா வேலையை எடுத்துக்கிடும்." பாதுகாப்பான யோசனை சொன்ன திருப்தி எனக்கு. இன்வெர்ட்டரையும் அவரே செய்தார். அதிலிருந்து கரண்ட் வேலிக்கு மட்டும் போக வேண்டும், எங்கள் லைனுக்குத் திரும்பிவிடக் கூடாது. அதைப் பிரிக்க ஒரு சுவிட்ச் நடுவில் வேண்டும். அதை அவர் வைத்தாரா என்று நான் பெட்டியைக் குனிந்து பார்க்கவில்லை.

இன்வெர்ட்டர் வைத்த அன்று சோதித்துப் பார்க்க அவர் போனில் சார்ஜ் இல்லை. என் நம்பரைப் பெட்டியில் போட்டு, ஒரு ஈரக் கம்பை வேலியில் வைத்தார். என் பாக்கெட்டில் போன் ஒரு மணி அடித்து நின்றது. இரண்டு பேரும் சிரித்தோம். என் நம்பரைப் பிறகு அவர் எடுக்கவில்லை, தன் நம்பரோடு அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நானும் எடுக்கச் சொல்லவில்லை. 'பரமசிவம் வேலி' என்று பெயர் போட்டுப் பதிந்து வைத்தேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை விடியற்காலம் அது அடிக்கும். தட்டி விரட்டுகிற வேலி என்றால் ஒரே பன்றிக்கு ஒருமுறைதானே அடிக்க வேண்டும்? சில நாள் விடாமல் ஐந்து, ஆறு என்று அடிக்கும், பிறகு நின்றுவிடும். எது நின்றது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. புரண்டு படுத்துவிடுவேன்.

அது ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சீசன், சாரலும் காற்றுமாக இருந்தது. வடகரை மேற்கே தென்னை மட்டை விழுந்து ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் உடைந்துவிட்டதென்று புகார் வந்தது. நான், இசக்கி, கூட இரண்டு பேர் போனோம். மேடம் வேறொரு பெரிய வேலையில் இருந்தார், இந்த வேலைக்குப் பொறுப்பு நான். போனில் அவரிடம் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

டிரான்ஸ்பார்மரில் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சாவி என் பாக்கெட்டில் இருந்தது. கூட வந்த இரண்டு பேரையும் ரோட்டோரம் விழுந்து கிடந்த மட்டைகளை அப்புறப்படுத்த விட்டுவிட்டு, நானும் இசக்கியும் வரப்பு வழியாகக் கம்பத்துக்கு நடந்தோம். கம்பத்திலிருந்து ரோட்டுக்குக் கால் மணி நேர நடை. எர்த் ராடு இரண்டு செட் ஜீப்பில் இருந்தது. கனம் அதிகம் என்று ஒரு செட்டை மட்டும் தூக்கி வந்தோம். கரண்ட் வருகிற பக்கம் அதைப் போட்டாயிற்று. வேலைக்காக அந்தக் கம்பத்தில் கம்பியைத் துண்டித்துப் பிரித்தோம், அதோடு அந்த ராடின் காவல் மறுபக்கத்துக்கு இல்லை. மறுபக்கத்தில் லைன் இரண்டு கம்பத்தோடு முடிகிறது. அந்த இரண்டு கம்பத்துக்கும் இருந்தது ஒரே ஒரு சர்வீஸ் இணைப்பு. பரமசிவத்தின் கிணறு.

இசக்கி மேலே வேலை செய்துகொண்டிருந்தான். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வான், அது அவன் பழக்கம். நான் கீழே நின்று கயிற்றைப் பிடித்திருந்தேன். என் பாக்கெட்டில் போன் ஒரு மணி அடித்து நின்றது.

ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன். 'பரமசிவம் வேலி'. பக்கத்தில் நேரம் பத்து நாற்பத்திரண்டு. மாட்டிருச்சு போல என்று மனசுக்குள் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. பாக்கெட்டில் போடப் போனேன். பிறகுதான் தோன்றியது, பகலில் பன்றி வராதே என்று.

பாட்டுச் சத்தம் நின்றிருந்தது.

நான் மேலே பார்க்கவில்லை. பார்க்காமலே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. லைனை நாங்கள் அணைத்ததும் இன்வெர்ட்டர் வேலையை எடுத்துக்கொண்டது, நான் சொல்லிக் கொடுத்தபடியே. நடுவில் சுவிட்ச் இல்லாமல் வேலிக்குப் போன கரண்ட் எங்கள் லைனுக்கும் வந்து நின்றிருக்கிறது. அதைத் தொட்ட இசக்கியின் உடம்பு இழுத்த இழுப்புக்குத்தான் போன் அடித்திருக்கிறது. கயிற்றை விட்டுவிட்டு நேராகக் கிணற்றுக்கு ஓடினேன். பரமசிவம் அங்கே இல்லை. மோட்டார் ரூம் கதவை உதைத்துத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கினேன். அதற்குள் போன் இன்னும் இரண்டு தடவை அடித்திருந்தது.

அடுத்து நான் செய்ததை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. கம்பத்துக்குத் திரும்பி ஓடுவதற்கு முன்னால், பெட்டியிலிருந்த, என் நம்பர் பதிந்திருந்த அந்தப் பட்டன் போனைப் பிய்த்துக் கிணற்றில் போட்டேன். மூன்று நொடி ஆகியிருக்கும். இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த மூன்று நொடியால் ஒன்றும் ஆகிவிடவில்லை, அவன் அதற்குள்ளேயே போய்விட்டான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் போனைப் போடும்போது எனக்கு அது தெரியாதே.

மேடம் வந்தார். இசக்கியைக் கொண்டுபோன பிறகு, சாரலில் நனைந்துகொண்டே வரப்பில் நின்று கையைத் திருப்பி மணி பார்த்தார்.

"எத்தனை மணிக்கு நடந்துச்சு மாரியப்பன்?"

"பதினொண்ணுக்குக் கொஞ்சம் முன்ன இருக்கும் மேடம். கவனிக்கல."

எழுதினார். "நீங்க எப்படி நேரா கிணத்துக்கு ஓடுனீங்க?"

"அந்தப் பக்கம் அது ஒண்ணுதான மேடம் இருக்கு."

அதையும் எழுதினார். நோட்டை மூடினார். "நீங்க எப்படி நேரா கிணத்துக்கு ஓடுனீங்க?"

நான் அதே பதிலைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் நோட்டைத் திறக்காமலே நடந்து போனார்.

விசாரணை நடந்தது. இரண்டு பக்கமும் எர்த் ராடு போடச் சொன்னேன், இன்னொரு செட் ஜீப்பில் இருந்தது, அதை எடுத்து வருவதற்குள் இசக்கிதான் அவசரப்பட்டு ஏறிவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. பணியாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. அதிலேயே இன்னொரு வரியும் உண்டு. பொறுப்பாளர் சமயோசிதமாகச் செயல்பட்டு மின்சாரத்தைத் துண்டித்தார் என்று. அந்த வரிக்காக எனக்கு ஆபீஸில் கைதட்டினார்கள்.

பரமசிவத்தின் மேல் வழக்கு நடந்தது. நானே செய்தேன், யாரும் சொல்லித் தரவில்லை என்று முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே பேச்சாக நின்றார், என் பெயரை எடுக்கவே இல்லை. தண்டனை முடிந்து வந்து நிலத்தை விட்டுவிட்டு வாசுதேவநல்லூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஒருமுறை தென்காசி கோர்ட் வாசலில் அவரை நேருக்கு நேர் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

"கை என்னுது அண்ணாச்சி. நீங்க வாயால சொன்னிய, அவ்வளவுதான். ஒங்க மனசு ஒங்களுக்கு, நான் எதுக்கு அதுல வரணும்."



இசக்கியின் மனைவி பேச்சியம்மாளைப் பற்றியும் எழுத வேண்டும். அறிக்கையில் போட்டது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. துஷ்டி கேட்க வந்தவர்களெல்லாம், அவசரப்பட்டுட்டானே என்றுதான் அழுதார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போவேன். விளக்கேற்றும்போது போட்டோவைப் பார்த்து அந்த அம்மா திட்டும். "ஒனக்கு எதுலயும் அவசரம்தான். ஒரு ராடை எடுத்துட்டு வந்து போட ஒனக்கு என்ன கேடு? பிள்ளைய நெனச்சியா? கூறுகெட்ட மனுசன்." பன்னிரண்டு வருஷமாக, என் கண் முன்னால், செத்தவனைத் திட்டியிருக்கிறது. நான் கரும்பைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

இப்போது பரமசிவத்தின் பெட்டி மாதிரியே ஆன்லைனில் விற்கிறார்களாம். வேலியில் பட்டால் செல்போனுக்குச் செய்தி வருமாம், படம்கூட வருமாம். மருமகன் காட்டினான். ரொம்ப பாதுகாப்பானது மாமா என்றான். நான் அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஜெயராணி மேடத்துக்குப் போன் செய்தேன். அவரும் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். நலம் விசாரித்து முடிந்ததும், "மேடம், அன்னைக்கு மணி கேட்டீங்க. பத்து நாற்பத்திரண்டு" என்றேன். எப்படித் தெரியும் என்பதையும் சொன்னேன். போனில் நோட்டுத் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கிட்டேன்" என்றார். பிறகு, "ரெண்டாவது தடவை கேட்டப்பவே சொல்லியிருக்கலாம் மாரியப்பன்" என்றார்.

"ஆமா மேடம்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"மலர்ல எழுதிரலாம்னு இருக்கேன்."

"அச்சுல பாத்து அவ தெரிஞ்சுக்கக் கூடாது. நீங்க போய்க் குடுங்க. அவ படிக்கிற வரைக்கும் பக்கத்துல இருங்க."

இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். முத்துலட்சுமி, "அதுக்குள்ள எழுதிட்டியளா பெரியப்பா" என்று சந்தோஷமாக வாங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். மந்திக் கதை வந்த இடத்தில் உச்சுக் கொட்டினாள். பிறகு முகம் மாறிக்கொண்டே வந்தது. பேச்சியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. "என்னட்டி எழுதியிருக்கு, அப்பாவப் பத்தி இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டது. "இரும்மா" என்றாள்.

கடைசித் தாளை முடித்துவிட்டு, நடுவில் ஒரு தாளைத் தேடி எடுத்து மறுபடி படித்தாள். கம்பத்தில் ராடு போட்ட இடம். அவள் அழவில்லை. என்னைத் திட்டுவாள் என்று பயந்துதான் போயிருந்தேன், திட்டவும் இல்லை.

"எங்க அப்பாவுக்கு அந்த இன்னொரு ராடு ஞாபகமே வரலையா?" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

தாள்களை மடியில் கவிழ்த்து வைத்தாள். "எங்க அப்பாவுக்கு அது ஞாபகமே வரலையா பெரியப்பா?"

அவள் மேடத்தோடு ஒருநாளும் வேலை பார்த்தவளில்லை. இரண்டாவது தடவை கேட்டாள், நான் சொன்னேன். பேச்சியம்மாளின் முறம் பாதியில் நின்றது. முத்துலட்சுமி எழுந்து போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இதை மட்டும் ஏன் விட்டிய? இங்கன உக்காந்து எழுதுங்க. அப்பா சொன்னது எப்படியோ அப்படியே எழுதுங்க" என்றாள்.

அவர்கள் வீட்டில், இசக்கியின் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கம்பத்தில் கால் வைப்பதற்கு முன்னால் அவன் திரும்பி மேற்கே அந்தக் கடைசி இரண்டு கம்பத்தையும் பார்த்தான். "அண்ணாச்சி, அந்தப் பக்கமும் ராடு போட்டுருவமா? நான் ஓடிப் போயி எடுத்துட்டு வந்துருதேன், கால் மணி நேரம்" என்றான். "அங்கன என்னலே இருக்கு, ஒத்தக் கிணறு. மழை வருது, ஏறு" என்றேன். அவன் என் பேச்சைத் தட்டியதே கிடையாது. ஏறினான்.